ஏரியை விட்டுப் போகாத நிழல்கள்

மீன்கள் ஏரியை விட்டுப் போய் ஒன்பது ஆண்டுகள் ஆகியும் அவற்றின் நிழல்கள் போகவில்லை. இதை முதலில் கண்டவள் ஊர் மருத்துவமனையில் ஸ்கேன் எடுக்கும் அம்மா. அதற்கு முன் யாரும் தேடிப் பார்க்கவில்லை, அதனால் இதில் தன் சாமர்த்தியம் ஒன்றுமில்லை என்று அவளே சொல்வாள். மீன்கள் போனதை மட்டும் ஊரே நின்று பார்த்தது. ஒரு கோடையில் தண்ணீர் சோப்பு போட்டதுபோல் நுரைத்தது, ஏன் என்று எவரும் சரியாகச் சொல்லவில்லை. நான்காம் நாள் மீன்கள் வரிசை கட்டி, பெரியவை முன்னால், குஞ்சுகள் நடுவில், வயதானவை கடைசியில் என்று, உபரித் தண்ணீர் வழியும் கலிங்கின் மேல் ஏறி வாய்க்காலில் இறங்கின. மூன்று பகல் போய்க்கொண்டே இருந்தன. யாரும் வலை போடவில்லை. வீட்டைக் காலி செய்துகொண்டு போகிறவர்களை வழியில் பிடிப்பது முறையில்லை என்று எல்லோருக்கும் தோன்றியிருக்க வேண்டும். அடுத்த ஆண்டே தண்ணீர் தெளிந்து குடிக்கிற பதத்துக்கு வந்துவிட்டது. மீன்கள்தான் வரவில்லை.

மீன்களுக்குப் பின்னால் வலை வீசிப் பிழைத்தவர்களும் போனார்கள். நாற்பத்திரண்டு குடும்பம், பாத்திரம் பண்டம் நிழல் சகிதமாகப் போனது. தன் நிழலை விட்டுவிட்டுப் போனவர் ஒருவர்தான், அவர் ஸ்கேன்காரம்மாவின் கணவர். அவரை எல்லோரும் வலைக்காரர் என்றே கூப்பிட்டார்கள். "நாலு மாசம்தான், போயிட்டு ஓடி வந்துடுறேன்" என்று சொல்லிக் காலை ஆறு பத்து பஸ்ஸில் ஏறினார். வழியனுப்பிவிட்டு வீடு திரும்பியவள், சமையலறை வாசலை ஒட்டிய சுவரில் அவர் நிழல் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருப்பதைக் கண்டாள். ஓட்டமும் நடையுமாக பஸ் நிறுத்தத்துக்குப் போய்ப் பார்த்தாள், பஸ் போய்விட்டிருந்தது. அன்று மாலை போனில் அவரிடம் சொன்னாள். "சரி, இருக்கட்டும். பத்திரமா பாத்துக்கோ" என்றார். அவருக்குக் கிடைத்த வேலை, தொலைவில் ஒரு குளிர்க்கூடத்தில் மீனைப் பெட்டியில் அடுக்குவது. அங்கே கூரையிலும் நான்கு சுவரிலும் குழல்விளக்கு எரியும், யாருடைய நிழலும் எங்கும் விழாது. அதனால் அவரிடம் ஒன்று குறைகிறது என்று உடன் வேலை பார்த்தவர்கள் ஒன்பது ஆண்டும் கவனிக்கவே இல்லை. நாலு மாதம் ஒன்பது ஆண்டானதற்கு அவர் சொன்ன காரணம் எப்போதும் ஒன்றுதான். ஏரியில் மீன் இல்லாதபோது எந்த முகத்தோடு வருவது?

நிழலோடு குடித்தனம் நடத்துவது அவளுக்குப் பழகிப்போயிற்று. அது பகலெல்லாம் சுவரில் உட்கார்ந்து நிழல் ஊசியால் நிழல் வலையைச் சீர் செய்துகொண்டிருக்கும். வெள்ளையடிக்க வந்தவர் "அண்ணே, கொஞ்சம் தள்ளி உட்காருங்க" என்றார், தள்ளி உட்கார்ந்தது. காய்கறி கொண்டுவரும் பெண் வாசலிலிருந்தே எட்டிப் பார்த்து, "அண்ணன் சௌக்கியம்தானே?" என்று சுவரைக் கேட்டுவிட்டுத்தான் கூடையை இறக்குவாள். கோபம் வந்த நாட்களில் ஸ்கேன்காரம்மா நிழலை நிற்கவைத்துத் திட்டினாள். திட்டும்போது அது தலையைக் குனிந்துகொள்ளும். கல்யாணமாகி இருபது ஆண்டில் நிஜ மனிதர் ஒருநாளும் அப்படிச் செய்ததில்லை என்பதால் அவள் கோபம் பாதியிலேயே வடிந்துவிடும்.

ஒன்பதாம் ஆண்டு, மதகுக் கதவில் ஓர் அறிவிப்பு ஒட்டப்பட்டது. மீன் இல்லாத நீர்நிலை என்பதால் ஏரியை வடித்து, மண் நிரப்பி, சரக்குக் கிடங்குகள் கட்டப்போகிறார்கள். ஒட்டியவர் மதகைத் திறந்து மூடும் வேலையில் இருந்தவர், வலைக்காரரின் கூடப்பிறந்த தம்பி. அன்று மாலையிலிருந்து சுவரில் நிழலின் பாதங்கள் வெளுக்க ஆரம்பித்தன. கறுப்புக்கும் வெளுப்புக்கும் நடுவில் எத்தனை சாம்பல் உண்டு என்பதை இருபத்தாறு ஆண்டாகப் பார்த்துப் பிழைத்தவள் அவள், அதனால் அவளை ஏமாற்ற முடியாது. ஸ்கேல் வைத்து அளந்தாள். வாரத்துக்கு இரண்டு விரற்கடை மேலேறி வந்தது. அவள் பயந்துபோனாள். திரும்பி வர ஓர் இடம் இல்லையென்றால் காத்திருக்கும் நிழலும் கையை விரித்துவிடும், பிறகு அந்த மனிதர் குளிர்க்கூடத்து ஆளாகவே இருந்துவிடுவார் என்று அவளுக்குப் புரிந்தது.

மதகுக்காரர் ஞாயிற்றுக்கிழமை மதியம் அண்ணி வீட்டில்தான் சாப்பிடுவார். தட்டின் முன்னால் உட்கார்ந்தவர் சுவரைப் பார்த்துவிட்டுக் கையை இழுத்துக்கொண்டார்.

"அண்ணி, அண்ணன் கால் எங்கே?"

"நீ ஒட்டினியே ஒரு நோட்டீஸ், அதைப் போய்க் கேளு."

"நான் ஒட்டலேன்னா வேற ஒருத்தன் ஒட்டுவான் அண்ணி."

"ஒட்டட்டும். அவன் என் வீட்டுல வந்து சாப்பிட மாட்டான்ல."

பாதிச் சோற்றைத் தட்டிலேயே விட்டுவிட்டார். கை கழுவி எழும்போது, அந்த உத்தரவின் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கிறது என்று முணுமுணுத்தார். மீன் இனப்பெருக்கம் நடப்பதாகத் தெரிந்தால் பருவம் முடியும்வரை மதகில் கைவைக்கக் கூடாது. "ஆனா மீனே இல்லையே அண்ணி, முட்டைக்கு எங்கே போறது?" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

அவள் கட்டிலுக்கு அடியில் இருந்த அட்டைப் பெட்டியை வெளியே இழுத்தாள். மீன்கள் போவதற்கு முந்தின ஆண்டு வலைக்காரர்கள் சேர்ந்து வாங்கிய பக்கவாட்டு சோனார் அது. பிரிப்பதற்குள் பிரிப்பவர்களே ஊரை விட்டுப் போய்விட்டார்கள். படகின் ஓரத்தில் ஒரு தண்டில் கட்டித் தண்ணீருக்குள் இறக்கினால், அது இரு பக்கமும் ஒலியை அனுப்பும். பட்டுத் திரும்பும் ஒலி திரையில் படமாகும். கெட்டியானது வெள்ளையாகத் தெரியும், அதற்குப் பின்னால் ஒலி எட்டாத இடம் கறுப்பாக, நிழலாக விழும். கூட இருந்த கையேட்டைப் படித்தவள் சிரித்துவிட்டாள். இருபத்தாறு ஆண்டாக மனிதர் வயிற்றில் அவள் செய்தது இதே வேலைதான். படகுக்கு ரொம்ப அலையவில்லை. மூடிக்கிடந்த படகுத்துறையில், ஒருவர் மட்டும் கால்நீட்டி உட்கார்ந்து துடுப்புப் போடும் மஞ்சள் நிறக் கயாக் ஒன்று, இருக்கை விரிசல் விட்டுக் கிடந்தது. ஏறும்போது இரண்டு முறை தண்ணீரில் விழுந்தாள். பிடித்துக்கொண்டிருந்த மதகுக்காரர் அவளோடு சேர்ந்து இரண்டு முறையும் விழுந்தார்.

இந்த வேலைக்கு வேகம் ஆகாது. ஆள் நடக்கிற வேகத்தில், கோடு கிழித்ததுபோல் நேராகப் போக வேண்டும். திரும்பினால் படம் இழுபட்டுக் குழம்பும். விடிந்ததும் ஒரு மணி நேரம், பிறகு மருத்துவமனை என்று மூன்று வாரம் துழாவினாள். சேறு, சேறு, ஒரு சைக்கிள், மறுபடி சேறு. நான்காம் வாரம் கலிங்கிலிருந்து மரப்பாலத்தை நோக்கிப் போகும்போது திரையில் வட்ட வட்டமாகக் குழிகள் வர ஆரம்பித்தன. முட்டை அடுக்கும் அட்டையை வைத்ததுபோல, ஒன்றை ஒன்று ஒட்டி, நாற்பத்தொன்று. முட்டையிட மீன் வாலால் துடைத்துத் தோண்டுகிற குழிகள். ஒன்பது ஆண்டில் சேறு மூடி மறைந்திருக்க வேண்டியவை, அன்று காலைதான் பெருக்கியதுபோல் சுத்தமாக இருந்தன. ஒவ்வொரு குழியின் மேலும் விரல் நீளத்தில் ஒரு கறுப்புக் கீற்று ஆடிக்கொண்டிருந்தது. கீற்றுக்கு முன்னால் வெள்ளை இருக்க வேண்டும், அதுதான் மீன். வெள்ளை எங்கும் இல்லை. பித்தப்பைக் கல்லையே அது போடும் நிழலை வைத்துக் கண்டுபிடிக்கிறவளுக்கு, கல் இல்லாமல் நிழல் விழாது என்பது தெரியும். ஆனால் வீட்டில் ஒன்பது ஆண்டாக வேறு மாதிரி நடப்பதையும் அவள் பார்த்துக்கொண்டுதானே இருந்தாள். துடுப்பை மடியில் வைத்துவிட்டு அந்தக் கீற்றுகள் வாலசைப்பதைப் பார்த்து அழுதாள். யாரும் குடியில்லாத வீட்டை ஒன்பது ஆண்டாக யாரோ பெருக்கிக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

அறிக்கையை அவள் எப்போதும் எழுதுகிற மாதிரியே எழுதினாள். கலிங்கிலிருந்து மரப்பாலம் நோக்கிய கோட்டில், வலப்புறம், பன்னிரண்டு மீட்டரில், நாற்பத்தொரு முட்டைக்குழிகள். சுத்தமாக உள்ளன. காவல் உள்ளது. ஒரு வாரத்தில் மீன்வள அலுவலர் படகோடும் நீளக் கழியோடும் வந்தார். படகில் அலுவலருக்கும் துடுப்புப் போடுபவருக்கும்தான் இடம், அவள் ஊராரோடு கரையில் நின்றாள். அலுவலர் நேர்மையான மனிதர், ஓர் அடி பிசகாமல் அறிக்கையில் சொன்ன இடத்தில் கழியை ஊன்றினார். முழங்கை ஆழம் சேறு. அடுத்த இடத்தில் ஊன்றினார், அங்கும் சேறு. நாற்பத்தொரு முறை ஊன்றியிருப்பார். கரையேறி வந்து, காகிதத்தில் இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, "அம்மா, தப்பா நினைக்காதீங்க. வயித்துக்குள்ள பாக்குறது வேற, ஏரிக்குள்ள பாக்குறது வேற" என்றார். சிலர் சிரித்தார்கள். மறுநாள் காலை பதினொரு மணிக்கு மதகைத் திறப்பதென்று முடிவாயிற்று. அவள் வீட்டுக்கு வந்தபோது நிழல் இடுப்புவரை வெளுத்திருந்தது. மீதி உடம்பை நிமிர்த்தி, ஒன்றுமே நடக்காததுபோல் வலை பின்னிக்கொண்டிருந்தது. 

மறுநாள் வீட்டில் உட்கார்ந்து அது கரைவதைப் பார்க்கத் தெம்பில்லாமல் வேலைக்குப் போனாள். முதல் ஆள் லாரி ஓட்டுநர், சிறுநீர்க் கடுப்பு. சிறுநீர்ப்பையைக் குறுக்காகப் பார்த்தாள். படத்தின் இடது ஓரத்தில் கல் வெள்ளையாக மின்னியது, அதற்குக் கீழே நிழல். அவள் கை, தானாக, 'வலது' என்று தட்டச்சு செய்தது. அந்தச் சொல்லைப் பார்த்து அப்படியே நின்றாள். நோயாளி எதிரே மல்லாந்து படுத்திருக்கிறார், காலடியிலிருந்து பார்ப்பதுபோலப் படம் வருகிறது, எனவே படத்தின் இடது அவருடைய வலது. இருபத்தாறு ஆண்டாக இடப்பக்கம் கண்டதையெல்லாம் வலது என்று எழுதிய கை அது. ஆனால் ஏரி அவள் முன்னால் மல்லாந்து படுத்திருக்கவில்லை. அவள்தான் அதன்மேல் உட்கார்ந்து முன்னால் பார்த்துப் போனாள். அங்கே இடது என்றால் இடதுதான்.

"என்னம்மா, ஏதாவது மோசமா?" என்று ஓட்டுநர் பயந்துபோய்த் தலையைத் தூக்கினார்.

"உங்களுக்கு ஒண்ணுமில்ல, சின்னக் கல்லு, வலது பக்கம். தண்ணி குடிங்க, போயிடும். தப்பு எனக்குத்தான்" என்று சொல்லி, அவர் வயிற்றிலிருந்த பசையை ஒழுங்காகத் துடைத்துவிட்டு, அறிக்கையை முடித்துக் கொடுத்துவிட்டுத்தான் ஓடினாள். மணி பதினொன்று இருபது.

மதகில் நடந்ததை ஊரில் இன்னும் சொல்லிச் சிரிக்கிறார்கள். பதினொரு மணிக்கு மதகுக்காரருக்குச் சாவி கிடைக்கவில்லை. அரை மணி நேரம் தேடினார், அலுவலரும் கூடச் சேர்ந்து தேடினார். சாவி மதகுக்காரரின் சட்டைப்பையில்தான் இருந்தது. பிறகு சக்கரத்துக்கு எண்ணெய் போட வேண்டும் என்றார். எண்ணெய் ஊற வேண்டும் என்றார். இருபது ஆண்டாக அண்ணி வீட்டில் சாப்பிட்ட மனிதரால் அவ்வளவுதான் செய்ய முடிந்தது, செய்தார். அண்ணி மூச்சிரைக்க வந்து சேர்ந்தபோது கதவு நான்கு விரல் உயரம்தான் தூக்கியிருந்தது. "பக்கத்தை மாத்தி எழுதிட்டேன் சார். இடப்பக்கம். இந்தக் கரையோரம்தான், படகுகூட வேண்டாம், ஆழமில்ல, இறங்கியே பாருங்க" என்றாள். அலுவலர் அவளைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார், பேண்ட்டை முழங்காலுக்கு மேல் சுருட்டிக்கொண்டு கரையோரமாகத் தண்ணீரில் இறங்கினார். இடுப்பளவு ஆழத்துக்குப் போனதும் நின்றார். காலடியில் சேறு இல்லை, சரளைக்கல். உள்ளங்காலால் தடவிப் பார்த்தார், கிண்ணம்போல வட்டமாக இருந்தது. இன்னோர் அடி வைத்தார், இன்னொரு கிண்ணம். அப்போது அவர் காலை ஏதோ முட்டித் தள்ளியது. குனிந்து பார்த்தார், ஒன்றும் இல்லை, தெளிந்த தண்ணீரில் விரல் நீள நிழல் ஒன்று கோபமாகச் சுற்றிக்கொண்டிருந்தது. அவர் அதனிடம் மன்னிப்புக் கேட்டதாக மதகுக்காரர் சொல்கிறார், அலுவலர் மறுக்கிறார்.

படிவத்தில் இருந்த கேள்வி, குழிகள் துடைக்கப்பட்டுள்ளனவா என்பது மட்டும்தான். துடைத்தது யார் என்று கேட்க அதில் கட்டம் இல்லை. அலுவலர் ஈரக் கையோடு ஆம் என்று எழுதினார். மதகுக்காரர் சக்கரத்தைத் திருப்பிச் சுற்றியபோது எண்ணெய் நன்றாகவே ஊறியிருந்தது, ஒரே மூச்சில் கதவு இறங்கியது.

நான்கு விரல் உயரத்தில் அரைமணி நேரம் வெளியேறிய தண்ணீர் வாய்க்காலில் போய், ஆற்றில் சேர்ந்து, எங்கெல்லாமோ போயிருக்கிறது. ஏரியின் வாசனை அதில் இருந்திருக்கும் என்பது ஊர்க்காரர்களின் கணிப்பு, மறுத்துச் சொல்ல வேறு விளக்கம் யாரிடமும் இல்லை. முதல் மழைக்குப் பிறகு வாய்க்காலில் ஒரு மீன் எதிர்நீச்சல் போட்டு வந்தது. கலிங்கில் துள்ளி ஏறி, நேராகக் குழிகள் இருக்கும் பக்கம் போயிற்று. ஸ்கேன்காரம்மா அன்று காலை கயாக்கில் இருந்தாள். திரையில் முதல் தடவையாக ஒரு கறுப்புக் கீற்றுக்கு முன்னால் வெள்ளைக் கீற்று ஒன்று வந்து ஒட்டிக்கொண்டதைக் கண்டு, பக்கத்தை இரண்டு முறை சரிபார்த்துக் குறித்துக்கொண்டாள். மூன்று வாரத்தில் நாற்பத்தொரு குழிக்கும் ஆள் வந்துவிட்டது. சில இடங்களில் தகராறு. விட்டுப்போனபோது குஞ்சாக இருந்த மீன் முழங்கை நீளம் வளர்ந்து வந்திருந்தது, நிழலோ பழைய விரல் நீளத்தில் நின்றது, இரண்டும் ஒன்றையொன்று நம்பாமல் இரண்டு மூன்று நாள் சுற்றின. கடைசியில் எல்லாம் சமாதானமாகிவிட்டன. பருவம் முடிந்து அலுவலர் மறுபடி வந்தபோது குஞ்சுகள் ஏரி முழுவதும் மினுங்கின. கிடங்குகளை வேறெங்கோ கட்டிக்கொண்டார்கள்.

வீட்டுச் சுவரில் நிழலின் கால்கள் திரும்பக் கறுத்தன. அவள் போனில் கணவரை வா என்று கூப்பிடவில்லை. "மீனெல்லாம் வந்துடுச்சு. உங்களுக்கு வேலை எப்படிப் போகுது?" என்று மட்டும் கேட்டாள். நான்காம் நாள் அவர் வந்தார், அதுவும் உச்சிவெயிலில் வந்து சேரும் பஸ்ஸாகப் பார்த்து. அந்த நேரத்தில் யாருக்கும் நிழல் பெரிதாக விழாது, தெருவில் வெட்கப்படாமல் நடக்கலாம். இளைத்திருந்தார். பெட்டி தூக்கித் தூக்கி ஒரு தோள் இறங்கியிருந்தது, தலையில் முடி என்று சொல்ல ஒன்றும் மிச்சமில்லை. அவர் வாசலில் கால் வைத்ததும் சுவரில் நிழல் எழுந்து நின்றது. அவரும் நின்றார். இது யார் என்று இரண்டுமே யோசிப்பதுபோல் இருந்தது. ஒருவேளை அடையாளம் தெரியாமல் போய்விடுமோ என்று அவளுக்குத் தோன்றியது.

"ரெண்டு பேரும் முறைச்சுக்கிட்டு நிக்காதீங்க. சாப்பாடு ஆறுது" என்றாள்.

பதினோரு நாள் நிழல் சுவரை விட்டு இறங்கவில்லை. அவர் உச்சிவேளையில் மட்டும் வெளியே போய்வந்தார். ஒன்பது ஆண்டுக்குச் சேர்த்து அவளுக்குச் சொல்ல நிறைய இருந்தது, இரவு இரவாகச் சொன்னாள். அவர் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. ஒருநாள் மட்டும், "ஒவ்வொரு வருஷமும் பெட்டியைக் கட்டுவேன், கையில ஒண்ணும் இல்லையேன்னு பிரிச்சுடுவேன்" என்றார். "கையில என்ன இருக்குன்னா நான் இங்க உட்கார்ந்திருந்தேன்?" என்று கேட்டாள். இரண்டு பேரும் அழுதார்கள். பன்னிரண்டாம் நாள் காலை அவர் நிஜ வலையை எடுத்து, சுவரை ஒட்டி உட்கார்ந்து பின்னத் தொடங்கினார். குளிரில் விறைத்துப்போன விரல்கள் முடிச்சை மறந்திருந்தன, தப்புத்தப்பாக வந்தது. சுவரிலிருந்து ஒரு நிழல் கை நீண்டு, ஊசி எங்கே நுழைய வேண்டும் என்று மெதுவாகப் போட்டுக் காட்டியது. ஆறாவது முடிச்சில் அவர் குதிகாலும் நிழலின் குதிகாலும் ஒட்டிக்கொண்டன. சமையலறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த அவள், வேலைப் பழக்கத்தில் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து நேரத்தை மனதில் குறித்துக்கொண்டாள்.

நிழல் அவரைவிட ஒன்பது வயது இளையது என்பதை ஊர் சீக்கிரமே சகஜமாக எடுத்துக்கொண்டது. வழுக்கைத் தலையும் இறங்கிய தோளுமாக ஒருவர் போவார், அவர் காலடியில் அடர்ந்த முடியோடு நிமிர்ந்து ஒன்று போகும். மதகுக்காரருக்குத்தான் கொஞ்ச நாள் குழப்பம். தன்னைவிட வயதில் சின்னதாகப் போய்விட்ட அண்ணன் நிழலை என்னவென்று கூப்பிடுவது என்று தெரியாமல், கடைசியில் அண்ணனை அண்ணன் என்றும் நிழலைத் தம்பி என்றும் வைத்துக்கொண்டார். திரும்பி வந்த மற்ற குடும்பங்களும் அப்படியே பழகிக்கொண்டன. வெயில் தாழ்ந்ததும் கணவனும் மனைவியும் ஏரிக்கரையில் நடக்கிறார்கள். அவள் எப்போதும் நிழல் விழுகிற பக்கமாகவே நடக்கிறாள். ஒன்பது ஆண்டு கூட இருந்தது அதுதானே, வந்தவர் இந்தப் பக்கம் பேசிக்கொண்டு வரட்டும் என்கிறாள். அவரும் பேசிக்கொண்டே வருகிறார்.